குருவி கார் விற்ற கரீம் பாய்

சென்ற வியாழக்கிழமை காலை, கெலமங்கலத்தில் என் மருத்துவமனை வாசலில் கிருஷ்ணகிரி பஸ் வழக்கத்துக்கு மாறாக வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி உள்ளே வந்தார். நான் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையின் அழுகை அடங்கும்வரை அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"டாக்டரம்மா, நம்ம கார் பாய் போயிட்டாருங்க. நேத்து மத்தியானம் மண்டியில ஒக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். பெங்களூர்ல இருந்து மக வரணும்னு வெச்சிருக்காங்க. இன்னிக்கு மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்களாம்."

அவருடைய இதயத்தைக் கடந்த ஒரு வருஷமாகக் காதால் கேட்டுவந்தவள் நான். செய்தி எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மருந்துக் குப்பியை மேஜையில் வைத்துவிட்டு, காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்த அப்துல் கரீமை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் கார் விற்ற ஐந்தாறு வருஷக் கதையை ஆளுக்கொரு துண்டாகத்தான் அறிந்திருக்கிறார்கள். அதில் ஒரு துண்டு என் கண் முன்னால் நடந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கெலமங்கலத்துக்கு வந்த புதிதில் பிரசவம் பார்க்கக் கட்டை வண்டியில்தான் போய்வந்தேன். மாடு தன் நடையில் போகும். வலி அதற்காகக் காத்திருக்காது. ஒரு கார் வேண்டும் என்று பெங்களூரில் விசாரித்தேன். அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஜமீன்தார்களுக்காகச் செய்தவை போலப் பெரிதாக இருந்தன. அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸில் ஒரு கம்பெனி, சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான்களை இறக்கி, ஒரு சின்னக் காரைப் பூட்டி விற்க ஆரம்பித்திருந்தது. பெரிய காரின் விலையில் பாதிதான். இரண்டே கதவு. மழை துடைக்க ஒற்றைக் கை. டிக்கிக்கு வெளியே மூடி கிடையாது. பின் சீட்டைச் சாய்த்துத்தான் பெட்டியை உள்ளே தள்ள வேண்டும். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. மூக்கில் ஒரு சின்னப் பறவை உருவம் ஒட்டியிருந்ததால் ஊர்க்காரர்கள் 'குருவி கார்' என்றார்கள். அந்தக் குருவிக்குக் கிருஷ்ணகிரி ஏஜெண்ட் கரீம் பாய்.

அவர் ஒன்றைத் தனக்கென்று வாங்கி, அதையே ஓட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் கறுப்புத் தொப்பி. இறங்கியதும் காரின் பெருமையைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"மொதல்ல இதுல என்னா இல்லன்னு சொல்லிடறன், கேட்டுக்குங்க. நாலு பேர் ஒக்காந்தா மேலுமலை ஏறாது. ஏறும், ஆனா மூணு பேரு எறங்கி நடக்கணும். வெயில்ல ரேடியேட்டர் கொதிக்கும், கூடவே ஒரு குடம் தண்ணி வெச்சுக்கணும். மழை வந்தா கால் கிட்ட ஒழுகும்."

"அப்புறம் எதற்குப் பாய் இதை வாங்க வேண்டும்?" என்றேன்.

"ராத்திரி பகல்னு பார்க்காம உங்களைக் கூப்புட வர்றாங்க. அவங்க வூடு வரைக்கும் கொண்டுபோய் விடும். அதுக்கு மேல இதுகிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்க."

அன்றே வாங்கச் சம்மதித்தேன்.

சூளகிரிப் பக்கத்து ராமரெட்டியும் ஒன்று வாங்கினார். அவர் தன் மாமனாரைச் சம்பிரமமாகக் கிருஷ்ணகிரியிலிருந்து அழைத்துவந்தபோது மேலுமலையில் கார் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. சரிகை அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு மாமனார் பின்னாலிருந்து தள்ளினாராம். கல்லாவிக் கவுண்டர் ஒருவர் சந்தைக்கு ஆட்டுக்குட்டிகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய காரில் ஏறினால் இறங்கிய பிறகும் ஆட்டு வாசனை நம்மோடு வரும். இப்படி, இதற்கு முன் கார் என்பதையே கனவு காணாத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் கார் வைத்துக்கொண்டன. கோயிலுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டின. வழியில் இரண்டு குருவிகள் எதிரெதிரே வந்தால் நிறுத்தி, இறங்கி, யாருடையது எவ்வளவு கொதிக்கிறது என்று பேசிக்கொள்வோம்.

பிறகு ஒரு நாள் செய்தித்தாளின் மூலையில் நாலு வரி வந்தது. சாமான் இறக்குமதி செய்யப் பர்மிட் கிடைக்காததால் கம்பெனி மூடப்பட்டது. மற்ற ஊர்களில் ஏஜெண்டுகள் பலகையைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி மண்டியில் கூடினோம். புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார இடமில்லாமல் நின்றோம். ரெட்டி தெலுங்கும் தமிழும் கலந்து கத்தினார்.

"ஏமய்யா பாய்! நீதான எங்க தலையில இதைக் கட்டினே? நாளைக்கு ஒரு பல்சக்கரம் ஒடைஞ்சா நான் எங்க போறது? கோழி அடைக்கவா இந்த வண்டி?"

கரீம் பாய் அவர் முடித்ததும் எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்பிவிட்டு, "மெட்ராஸ்ல மூடினது அவங்க கம்பெனியைத்தான் ரெட்டியாரே. என் கடை தொறந்துதான் இருக்குது. எது ஒடைஞ்சாலும் இங்க வாங்க," என்றார்.

வாய் வார்த்தையாகத்தான் அதை எடுத்துக்கொண்டோம். ஆனால் அவர் மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸுக்கு ரயிலேறி, பழைய சாமான் கடைகளில் அலைந்து, கிடைத்ததைக் கொண்டுவந்தார். கிடைக்காததைத் தன் காரிலிருந்தே கழற்றிக் கொடுத்தார். முதலில் கொடுத்தது ராமரெட்டிக்கு, ஒரு விளக்கு. கல்லாவிக் கவுண்டருக்கு ஹாரன். யாருக்கோ கதவுப் பிடி. லாரி ஷெட் மேஸ்திரி வந்து கழற்றும்போது பாய் பக்கத்தில் நின்று, வலிக்கிறதா என்று கேட்பதைப்போல் காரைத் தட்டிக்கொடுப்பாராம். இதை அவர் மனைவி கதீஜா பீவி எனக்குச் சொன்னார். சொன்னபோது அவருக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை.

"ஊர்ல எல்லார் வண்டியும் ஓடுதும்மா. நம்ம வூட்டு வண்டிக்கு ஒத்தைக் கண்ணு, ஊமை. கல்யாணம் ஆகி முப்பது வருஷமா பர்தா கட்டின மாட்டு வண்டியிலயே போனேன். இப்பதான் ஒரு கார்ல ஒக்கார வெச்சாரு. அதையும் கறி கூறு போடற மாதிரி போடறாரு."

ஒரு நாள் அந்த அம்மாள் பிடிவாதமாகச் சாவியை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, இனிமேல் அந்த வண்டியில் ஓர் ஆணியைக்கூடத் தொடக் கூடாது என்று வாக்கு வாங்கிவிட்டார். பாயும் கொடுத்தார். கொடுத்த வாக்கைச் சில மாதங்கள் காப்பாற்றவும் செய்தார்.

இனி என் கண் முன்னால் நடந்தது.

தொரப்பள்ளியிலிருந்து கௌரம்மா என்ற பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தது. கெலமங்கலத்தில் அறுவை செய்ய வசதியில்லை. பெங்களூருக்குப் போனால்தான் இரண்டு உயிரும். பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, அவள் கணவனை முன்னால் உட்காரவைத்து, காலை பத்து மணி வெயிலில் புறப்பட்டேன். ஓசூரைத் தாண்டி, ஜூஜுவாடிக்குச் சற்று முன்னால், பின்பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. ஆக்ஸில் முறிந்துவிட்டது. சாலையில் புளிய மர நிழலும் நாங்களும்தான். கௌரம்மாவின் கணவன் இறங்கி, காரைத் தள்ளியே பெங்களூர் போய்விடலாம் என்பதுபோலத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். நான் பின் சீட்டுக்குள் குனிந்து கௌரம்மாவின் கையைப் பிடித்தேன். அவளுடைய நாடி என் விரலுக்குக் கீழே இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு லாரி நிற்காமல் போனது. ஒரு கட்டை வண்டிக்காரர் நிறுத்தி, கன்னடத்தில் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

அப்போது கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒற்றை விளக்குக் குருவி ஒன்று வந்தது. கரீம் பாய் ஓட்டிவந்தார். பக்கத்தில் பட்டுப் புடவையில் கதீஜா பீவி. மடியில் பலகாரக் கூடை. பெங்களூரில் மகள் வீட்டில் பேரனுக்குப் பெயர் வைக்கும் நாள் அது. முதல் பேரன்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் இறங்கிவிட்டார். என் காருக்குள் குனிந்து கௌரம்மாவைப் பார்த்தார். நெற்றி வேர்வையைத் தன் பட்டு முந்தானையால் துடைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க போங்க."

"நீ?"

"நான் இந்தப் பையனோட இங்க இருக்கறன். வண்டியில எடம் ஏது? பொண்ணைப் படுக்க வைக்கணும், முன் சீட்டை மடக்கினாத்தான் டாக்டரம்மா பக்கத்துல ஒக்கார முடியும். கெளம்புங்க."

நாங்கள் கௌரம்மாவைத் தூக்கி மாற்றினோம். நான் பின்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். ஹாரன் இல்லாத கார். பாய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கதவில் அறைந்து அறைந்து, "வழி! வழி! தாரி பிடி!" என்று தமிழிலும் கன்னடத்திலும் கத்திக்கொண்டு ஓட்டினார். அத்திப்பள்ளிச் சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். உள்ளே பார்த்ததும் தாமே ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கிவிட்டார். வழியில் கௌரம்மா ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அவரு எங்கே?" என்றாள். "பின்னாலயே வர்றாரும்மா," என்று பாய் முன்னாலிருந்து சொன்னார்.

அறுவை முடிந்து தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. அதைச் சொல்ல நான் வெளியே வந்தபோது பாய் ஆஸ்பத்திரி மரத்தடியில் தொழுதுகொண்டிருந்தார். முடித்து எழுந்தவர் செய்தியைக் கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உடனே, "ரோட்டுல ரெண்டு பேரு ஒக்காந்திருக்காங்கம்மா" என்று சாவியை எடுத்தார். அவர் திரும்பிப் போனபோது புளிய மரத்தடியில் கதீஜா பீவி, பேரனுக்குக் கொண்டுவந்த பலகாரத்தைப் பிரித்து, அழுதுகொண்டிருந்த அந்த இளைஞனுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். பேரனுக்குத் தாத்தாவும் பாட்டியும் இல்லாமலே பெயர் வைத்து முடித்திருந்தார்கள்.

என் காரை மாடு பூட்டி இழுத்துக் கெலமங்கலம் கொண்டுவந்து நிறுத்தினோம். மெட்ராஸில் எந்தக் கடையிலும் அந்த ஆக்ஸில் அகப்படவில்லை. நான் மறுபடியும் கட்டை வண்டிக்குத் திரும்ப மனதைத் தயார்செய்துகொண்டேன். ஒரு காலை மேஸ்திரியையும், சாக்கில் சுற்றிய ஒரு நீளமான பொருளையும் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு கரீம் பாய் வந்தார். எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவர் பஸ்ஸில் வந்ததே பதில்.

"பாய், அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இது வேண்டாம்," என்றேன்.

"நானும் அதைத்தான் சொன்னேன். அவளேதான் சாவியைக் கொண்டாந்து மேஸ்திரி கையில குடுத்தா. 'அந்தப் பொண்ணு மொகத்தை நானும்தான் பார்த்தேன். கழட்டிக் குடுங்க'ன்னா. நாங்க பஸ்ல போனா எங்களுக்கு நேரம்தான் ஆகும். உங்க வண்டி நின்னா வேற கதை."

அதற்குப் பின் அவர் கார் ஓடவில்லை. மீதிச் சாமான்களும் ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இம்முறை கதீஜா பீவி தடுக்கவில்லை என்பது மட்டுமல்ல, யாருக்கு எது முதலில் வேண்டும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார் என்று கேள்வி. ராமரெட்டி வெட்கப்பட்டுக்கொண்டு, பெருநாள்தோறும் தன் காரைக் கொண்டுவந்து அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தான் பஸ்ஸில் ஊருக்குப் போவார். பாய் சைக்கிள் பழகிக்கொண்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, மேட்டில் மிதிக்காதீர்கள் என்று நான் சொன்னபோது சிரித்தார். "மேட்டுல எறங்கித் தள்ளிகினுதான் போறன் டாக்டரம்மா. குருவி காரு பழக்கம்."

வியாழக்கிழமை பெண்கள் இருந்த அறையில் கதீஜா பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஜனாஸாவைத் தூக்கும் சத்தம் கேட்டபோது அவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். பெட்டியின் முன்பக்கம் ராமரெட்டி ஒரு தோள் கொடுத்திருந்தார். "கத்தறவரு," என்றார் அந்த அம்மாள் மெல்ல, என் பக்கம் திரும்பாமல். பிறகுதான் உடைந்து அழுதார்.

போன மாதம் கடைசியாகப் பாயைப் பரிசோதித்தபோது, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். கம்பெனியே கைவிட்ட பிறகு, புளி வியாபாரி நீங்கள் ஏன் இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"விக்கறது ஒரு நாள் வேலைங்க. வாங்கினவங்களுக்கு வித்தவன் வூட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கணும். போனா கதவைத் தொறப்பான்னும் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் மருந்தைச் சொல்லிக் கொடுத்த பிறகு, என் வீடு எந்தத் தெருவில், எந்த வேப்ப மரத்துக்கு எதிரில் என்றும் சொல்லி அனுப்புகிறேன். நேற்று ஒருத்தி ஜுரத்தோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழி கேட்காமலே நேராக வந்து கதவைத் தட்டினாள். சாப்பாட்டில் கை வைத்திருந்தேன். எழுந்து போய்த் திறந்தேன்.