என் மகளின் ஞானத்தாய்

முதலில் வந்தது இருமல் அல்ல, மாலைக் காய்ச்சல். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) ஏறும் நேரத்தில் உடம்பு கணகணவென்று சுடும். விடிந்தால் ஒன்றும் இருக்காது. பிள்ளை பெற்ற உடம்புக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு நாள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது இருமினேன். முந்தானையில் ரத்தம்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தோம். சயரோகம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்றார் டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் கருணையும் இருந்தது, அவசரமும் இருந்தது.

“பிள்ளைக்கு இனிப் பால் குடுக்கக் கூடாது. உங்களோட வச்சிருக்கவும் கூடாது. இப்ப பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. உங்களிட்ட இருந்தா வரும். விளங்குதே?”

மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக் காசநோய் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியாகிறது, இந்த வாரத்துக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். வருஷக் கணக்கில் ஆகலாம் என்றார். என் மகள் ரூத் அப்போதுதான் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்த நோயோடு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

என் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். கணவர் தேவசகாயத்துக்குத் தேயிலை ஆலையில் இரவும் பகலும் மாறிமாறி வேலை. ஆனாலும் எங்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. ரூத்துக்கு ஞானத்தாய் இருந்தார்.

எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி, அதற்காக ஆண்டவர் முன் வாக்குக் கொடுக்க லயத்து ஆட்களைக் கூப்பிட மாட்டோம். உத்தியோகத்தர் வீட்டு அம்மாமார்களிடம் போய்க் கெஞ்சி நிற்போம். பெரிய வீட்டுத் தொடர்பு பிள்ளைக்கு நாளைக்கு உதவும் என்று ஒரு நினைப்பு. ஆலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயாவின் மனைவி எஸ்தர் அம்மா, தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தாய். ரூத்தை ஏந்திக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று அவர் கணீரென்று சொன்னது தேவாலயம் முழுக்கக் கேட்டது.

அவர் வீட்டுக்குப் பிள்ளையோடு போனோம். பின்வாசல் படிக்கு மேலே எங்களை ஏறவிடவில்லை.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் பிள்ளைய வச்சிருக்க முடியுங்களாம்மா? டாக்டர் பாத்துட்டாருங்க. பிள்ளைக்கு நோய் இல்லைங்க.”

“எங்க வீட்ல சின்னதுங்க இருக்கு பிள்ளை. ஐயா ஒத்துக்க மாட்டாரு. நீ கவலப்படாத, கர்த்தர் கைவிட மாட்டாரு.”

பிறகு கண்ணை மூடி ஜெபம் செய்தார். நீண்ட, அழகான ஜெபம். அதில் வேதாகமத்து யோபுவும் வந்தார், இயேசுவைத் தொட்டுச் சுகமான பெரும்பாடுள்ள ஸ்திரீயும் வந்தாள். ரூத் சிணுங்கினாள். ஒரு கையாவது நீண்டு வருமா என்று நான் கண்ணைத் திறந்தபடியே நின்றேன். ஆமென் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. அந்த ஜெபம்தான் இன்று வரை புரியவில்லை.

உபதேசியார் (போதகரான ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துபவர்) எங்கள் வாசலில் நின்றே யோசனை சொன்னார்.

“அனாத விடுதிக்கு எழுதிக் குடுத்துருங்க. சொகமாகி வந்தா பாத்துக்கலாம்.”

சபையில் மற்றவர்களும் ஜெபத்தில் தாங்குவதாகச் சொன்னார்கள். தாங்குவதற்கு அத்தனை பேர் இருந்தும் ஐந்து மாதப் பிள்ளையைத் தாங்க ஒருவரும் இல்லை. அன்று மாலை பிள்ளையோடு ஆற்றில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் சலோமி வந்தாள். மேல் லயத்தில் இருந்து கொழுந்து பறிப்பவள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதற்காக, அவளுக்குத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பெறுவது) கிடையாது என்று சபை தீர்த்திருந்தது. இடுப்பில் அவளுடைய பால்குடி மகன் இருந்தான்.

“அத இங்க குடுங்கக்கா.”

“ஒனக்குப் பயமா இல்லியா சலோமி?”

“பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் புள்ளைய விட்டுற முடியுங்களா? ஒரு பக்கம் இவன் குடிக்கட்டும், ஒரு பக்கம் அவ குடிக்கட்டும்.”

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொண்டாள். ரூத் பசியோடு குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது; கூடவே பொறாமையும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் பால் கட்டிக்கொண்டது. துணியால் மார்பை இறுக்கிக் கட்டினார்கள். ஸ்டிரெப்டோமைசின் (காசநோய்க் கிருமிக்கான ஊசி) போட்டதில் காதுக்குள் ஓயாத இரைச்சல், நடந்தால் தலைச்சுற்று. நியூமோதொராக்ஸ் (விலாவுக்குள் காற்றைச் செலுத்தி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பது) செய்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த வட்டவளைத் தோட்டத்துப் பெண் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். நான் ஜெபம் செய்வதை விட்டுவிட்டேன். விட்டேன் என்பதைவிட, வரவில்லை என்பதே சரி.

கணவர் பார்க்க வந்தார்.

“ஞாயித்துக்கிழம தவறாம ஒன் பேரச் சொல்லி ஜெபம் பண்றாங்க.”

“சலோமி எப்புடி இருக்கா?”

“பிள்ளக் காம்பராவுல ரெண்டையும் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அவ மலைக்கே போறதில்ல. புருசன் சத்தம் போட்டுப் பாத்தான். இப்ப அவனே ரூத்தத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரியிறான்.”

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் மலையில் கொழுந்து பறிக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். என் மகளை வாங்கிக்கொண்டதால், அவள் மகனுக்கும் அங்கே இடமில்லை. உங்களுக்கும் இந்த நிலை வந்தால், ஆள் தேடும்போது முன் பெஞ்சிலிருந்து தொடங்காதீர்கள்.

சளியில் கிருமி இல்லை என்று ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது நுரையீரல் பழையபடி விரியவில்லை. ரூத் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சலோமியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

சுகமானவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். ஐயர் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, எஸ்தர் அம்மாவே என் கையைப் பிடித்து முன்னே அழைத்துப் போனார்.

“எங்க ஜெபத்தக் கர்த்தர் எப்புடிக் கேட்டாருன்னு சொல்லு பிள்ளை.”

எனக்கு இப்போது ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்தான் வரும். அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் எதை முதலில் சொல்வது என்று யோசிக்காமல் வாயைத் திறப்பதில்லை.

“என் பிள்ளைய வாங்கிக்கிட்டது சலோமி” என்றேன்.

அடுத்த மூச்சுக்காக நின்றேன். நான் முடித்துவிட்டதாக நினைத்து ஐயர் ஆமென் என்றார், சபையும் ஆமென் என்றது. திருவிருந்து தொடங்கியது. எல்லோரும் முன்னே வர, கடைசி பெஞ்சில் இருந்த சலோமி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். எஸ்தர் அம்மா எனக்கு இடம் விட்டு நகர்ந்து மண்டியிட்டார். நான் திரும்பி, வந்தவர்களுக்கு எதிர்த்திசையில் வாசலுக்கு நடந்தேன்.

வாசற்படியில் மூச்சு முட்டியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சலோமி பாதை வரை போய்விட்டாள். ரூத் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, அவங்க வரல” என்று சலோமியிடம் சொன்னாள்.

“மூச்சு வாங்கிட்டு வருவாங்க. நில்லு.”

அவர்கள் நின்றார்கள்.