அண்ணனுக்கு எழுதின உறுதி

ஹாலிஎலயில இருக்கிற எங்க வீட்டை அண்ணனுக்காக என் பொறுப்புல எழுதப் போறேன்னு அம்மா சொன்னப்ப எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. அவன் உசுரோட இருக்கிற வரைக்கும் நான் அதை விக்கவோ அடகு வைக்கவோ முடியாதுன்னு உறுதிப் பத்திரத்துல போடணுமாம்.

"ஏம்மா, என்னை நம்பலையா?"

"உன்னை நம்புறேன்டி. உனக்கு வரப்போறவன் மூஞ்சியத்தான் இன்னும் பாக்கல."

தேயிலைக் கொழுந்து எடுக்கிற கையைவிட அம்மாவுக்கு வாய் வேகம்.

அண்ணனுக்கு நாப்பது வயசாகுது. மனசு மட்டும் சின்னப் பிள்ளையாவே நின்னுபோச்சு. தான் போன பிறகு அவனை யாரும் வெளிய தள்ளிறக் கூடாது, அம்மாவுக்கு அது ஒண்ணுதான் கவலை.

சின்னதுல அவனை லயத்து வீட்டுல தனியா விட முடியாம அம்மா காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூட்டிட்டுப் போவா. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேரா கூப்பிடுவார். சத்தம் குடுக்காட்டி அன்னைக்கு வேலை இல்லை. அதைப் பார்த்து வளந்த மகராசன், இன்னைக்கும் எந்த ஆபீஸ்ல பேரு கேட்டாலும் விறைப்பா எழும்பி "இருக்கேங்க!"ம்பான். கிளினிக்ல நர்சம்மாவுக்கெல்லாம் அவன்னா உசுரு.

பதுளையில பத்திரம் எழுதுற நொத்தாரிஸ் ஐயா உறுதியை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினார். முதல் வரியில அம்மா பேரு. அண்ணன் அம்மாவை முழங்கையால இடிச்சான். அவன் மனசு கோணக்கூடாதுன்னு அம்மாவும் சிரிச்சுக்கிட்டே "இருக்கேங்க"ன்னா. அடுத்தது நன்மை பெறுபவர்னு இவன் பேரு. எழும்பிட்டான். "இருக்கேங்க!" நான் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். திரும்ப அவன் பேரு, திரும்ப "இருக்கேங்க!" பாழாப்போன உறுதியில வரிக்கு வரி அவன் பேருதான்.

நொத்தாரிஸ் ஐயா முதல்ல கண்ணாடிக்கு மேலால முறைச்சார். அப்புறம் அவரே பேரைச் சொல்லிட்டு, இவன் எழும்பி உக்கார்ற வரைக்கும் காத்திருக்க ஆரம்பிச்சார். எனக்குக் கோபமெல்லாம் போயி சிரிப்பு தாங்கல. என் அண்ணன், என் தங்கம். எழுதட்டும், நல்லா இறுக்கியே எழுதட்டும்னு தோணிச்சு.

கடைசிப் பக்கத்துல அம்மா பேரு மறுபடி வந்திச்சு. முழுப் பேரையும் சொல்லி, "அவருடைய மரணத்தின் பின்னர்..."னு வாசிச்சார்.

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மடியில கையை வச்சுக்கிட்டு பேசாம இருந்தா. அவனுக்கு முகமெல்லாம் பதறிப்போச்சு. அவ தோளைப் பிடிச்சு உலுக்கினான்.

"அம்மா! உன் பேருதாம்மா! இருக்கேன்னு சொல்லும்மா!"

நொத்தாரிஸ் ஐயா வாசிக்கிறதை நிப்பாட்டிட்டார். அம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு எழும்பி நின்னா.

"இருக்கேங்க"ன்னா.