லேபிள் தாளில் வழுக்கிய லட்டு

சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள் அடிப்பது என் வேலை. ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று மாதப் பொமரேனியன் குட்டி லட்டு வந்ததும், மூத்திரம் போனால் சுருட்டி எறிய வசதி என்று கூடம் முழுக்கக் கழிவு லேபிள் தாள்களை விரித்தேன். என்னைப் போல் புத்திசாலி ஊரிலேயே இல்லை என்ற நினைப்பு வேறு.

பளபளப்புத் தாளில் லட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் பந்தை உருட்டிவிட்டு வீடியோ எடுத்துச் சிரித்தேன்.

"ஏங்க, பாவம். காலு நாலு பக்கமும் போகுது," என்றாள் மனைவி செல்வி.

"அது டான்சுடி."

மூன்றாம் வாரம் லட்டு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு அலறியது. விருதுநகரில் கால்நடை மருத்துவர் முட்டியைத் தடவிப் பார்த்தார்.

"சின்ன ரக நாய்க்கு முட்டிச் சில்லு லேசுல வெலகும். எலும்பு வளர்ற வயசுல வழுக்கவிட்டு இன்னும் மோசமாக்கிட்டீக. வளந்த பெறகும் சில்லு எடத்துல நிக்கலேன்னா ஆபரேசன்தான். முழுசாச் சரியாகும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்ததும், நொண்டிய லட்டுவைக் காட்டிச் செல்வி சொன்னாள்: "இந்த டான்சையும் வீடியோ எடுங்க."

இப்போது கூடத்தில் சாக்கு விரித்திருக்கிறேன். கட்டிலிலிருந்து குதிக்கவிடாமல் இரண்டு கையாலும் தூக்கி இறக்குகிறேன். ஆனாலும் என் வண்டிச் சத்தம் கேட்டால் லட்டு மூன்று காலில் வாசலுக்கு ஓடி வருகிறது. அதனால் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கும் பெட்ரோல் தீந்துருச்சா?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறேன்.