ஜன்னலைப் பார்த்த பொம்மைகள்

எங்கள் சிகிச்சை மையத்தில் அவருக்கு மணலம்மா என்று பெயர். படித்தது மனநலம், வேலை மணலோடு. மேசையளவு மரத்தட்டு, அதில் மணல், அலமாரி நிறையப் பொம்மைகள். மனதில் இருப்பதைச் சொல்ல வராதவர்கள் வந்து மணலில் எதையாவது வைப்பார்கள். இவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டிப் பெருக்கும் நான் ஒருநாள் வாய் சும்மா இராமல், "இதுக்குச் சம்பளமா?" என்று கேட்டேவிட்டேன்.

"பாக்குறதுதான்க்கா கஷ்டம்" என்று சிரித்தார்.

ஆட்டிசம் உள்ள இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வாராவாரம் வந்தாள். பஸ் ஓட்டுநரான அவள் அப்பா இறந்து மூன்று மாதம். அவள் அழவில்லை, அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

"கல்லு மனசுங்க. நாளைக்கு நான் போனாலும் இப்படித்தானே இருப்பா?" என்று குமுறிய அம்மா, மகளோடு பேசுவதையே விட்டிருந்தார்.

அவளோ எட்டு வாரமும் மனிதப் பொம்மைகளை வரிசையாக, ஒரே பக்கம் பார்க்க நிறுத்திவிட்டுப் போனாள். மணலம்மா படம் எடுத்த பிறகுதான் நான் கலைக்க வேண்டும். அது இங்கே சட்டம்.

ஒன்பதாம் வாரம் மணலம்மா படங்களை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். "இத்தனை நாளா இந்தப் பொம்மைங்க தட்டோட உடைஞ்ச மூலையைப் பாத்து நின்னாங்க. இன்னிக்கு முதுகு காட்டுறாங்களே?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நேத்து கழுவிட்டு நான்தான் தட்டைத் திருப்பி வச்சுட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் மண்டியிட்டு, பொம்மைகளின் முதுகுப்பக்கமிருந்து கண்ணை ஓட்டினார். நானும் குனிந்தேன். தட்டு திரும்பினாலும் அவர்கள் திரும்பவில்லை. அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் டிப்போ. தினமும் அந்த ஜன்னலைத் துடைக்கிறவள் நான்.

அடுத்த வாரம், அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகே அம்மாவை உள்ளே அழைத்தார் மணலம்மா. விளக்கமெல்லாம் இல்லை. "அவங்க எங்க பாக்குறாங்கன்னு பாருங்க" என்றார், அவ்வளவுதான்.

அம்மா பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் அலமாரியிலிருந்து ஒரு பெண் பொம்மையை எடுத்து அம்மா கையில் வைத்தாள். அம்மா அதை வரிசையின் ஓரத்தில், மகளைப் பார்த்தபடி வைத்தார். மகள் ஒற்றை விரலால் அதை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அப்பா அங்கதான் வருவாரு" என்றாள்.