மாதம்மா அக்கா உடைத்த விரல்

களி கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ஓசூர் ஜூஜுவாடி லைன் வீட்டில் எங்களோடு குடியிருந்த ராணி பேசினாள். "மாதம்மாக்காவ லாரி அடிச்சிருச்சுக்கா" என்றாள். கீரைக்கட்டோடு நெடுஞ்சாலையைக் கடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு, முகம் தெரியாத அந்த லாரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதற்குள் களி அடிப்பிடித்துவிட்டது. அக்கா பார்த்திருந்தால் அதற்கும் என் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

அந்த லைன் வீட்டில் இருந்த உங்களுக்கு அக்காவின் வாயும் தெரியும், கையும் தெரியும். குழாயடியில் முறை தவறி வைத்த குடங்களை அவர் உதைத்து நெளித்ததை யார் மறப்பீர்கள்? செத்தவரைப் பற்றிப் பேசும்போது சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர் என்பது வழக்கம். அந்தப் பொய் என்னால் ஆகாது. அக்கா அடிப்பார். நன்றாகவே அடிப்பார்.

தூத்துக்குடி பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்கென்று ஓசூர் வந்தபோது எங்கள் மகள் செல்வி சின்னப் பிள்ளை. காண்ட்ராக்ட் சம்பளம். வாடகை போக மிஞ்சியதெல்லாம் நல்ல அரிசிக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குமே சரியாகப் போகும். ஷிப்டுக்குப் போகிற ஆள் முதலில் சாப்பிட வேண்டும். முட்டை அவருக்கு, குழம்பில் கிடக்கும் கறித்துண்டும் அவருக்கு. பிள்ளைக்கு ரசமும் சோறும். ஒருநாள் செல்வி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே விட்டால் பிள்ளை தங்கமாட்டாள் என்று டாக்டரம்மா என்னைச் சத்தம் போட்டார். கீரை, கேழ்வரகு, முட்டை, ஈரல் என்று அடுக்கிக்கொண்டே போனார். எதைக் கொண்டு வாங்குவது என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு மாதம்மா அக்கா வந்து, அழுதால் ரத்தம் ஊறுமா என்று அதட்டினார். அரிசியைக் குறை, அந்தக் காசிலேயே எல்லாம் வரும் என்றார்.

அக்கா கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அன்றே கேழ்வரகு மாவோடு வந்து என் அடுப்பில் களி கிண்டி, கீரை கடைந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் களி என்றால் ஜெயில் சாப்பாடு என்றுதான் நினைப்பு. என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துச் சோற்றை மெல்லுவது போலவே மென்றார். அது பல்லிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டது. துப்பினார்.

"ஏட்டி, ஜெயில் களி திங்கதுக்கா நான் ஓசூர் வந்தேன்?"

தட்டு பறந்து வந்தது. விளிம்பு பட்டு என் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. செல்வி பயந்துபோய்த் தன் தட்டை மடியோடு அணைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்கி எறிய அவர் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை இறங்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா, களித் துடுப்பாலேயே அதன்மேல் ஒரு போடு போட்டார். விரல் முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அலறிய மனிதரைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, ஒரு விள்ளல் களியைக் கீரையில் தோய்த்து வாய்க்குள் திணித்தார்.

"மெல்லாத. முழுங்கு."

வேறு வழியில்லாமல் விழுங்கினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. களியை மெல்லவே கூடாது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூலையில் இருந்த செல்வியும் அதைப் பார்த்து ஒரு விள்ளலை விழுங்கினாள். பிறகு இன்னொன்று எடுத்தாள்.

போலீசுக்குப் போவேன் என்று அவர் குதித்தார். பெண்பிள்ளை ஒருத்தி விரலை உடைத்துக் களி ஊட்டினாள் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்ல முடியுமா? கம்பெனியில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் என் புருவக் காயத்துக்கு மருந்து வைக்கும்போதுதான் அக்கா அதைச் சொன்னார். ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

"என் மூத்தவளுக்கும் ரத்தம் இல்லன்னுதான் சொன்னாங்க. நானு அவங்கப்பனுக்கு மொதல்ல போட்டேன். மிச்சம் இருந்தாத்தான அவளுக்கு? அவளக் குழியில எறக்கும்போது கையில கனமே இல்ல. அன்னிக்கு எனுக்கு அடிக்கத் தெரியல."



கறிக்கடையில் நடந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ரத்தம் ஊறுவதற்கு ஆட்டின் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, சுட்டுக் கொடுப்பார்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், நாங்கள் வாங்கிய அரைக் கிலோ கறியைவிட அது எவ்வளவோ மலிவு. கறியை நிறுத்திவிட்டு அதைச் சொல்லி வைத்திருந்தோம். கடைக்காரரோ காரில் வந்த ஒருவருக்கு அதைப் பொட்டலம் கட்டினார். அக்கா கன்னடத்தில் வசைபாடிக்கொண்டே, கட்டையில் கிடந்த கத்தியை எடுத்துப் பொட்டலத்தின் நடுவே கொத்தினார். கடைக்காரரின் கை மயிரிழையில் தப்பியது. "கூசு ரத்தத்த கார்ல ஏத்தறியா?" என்றார், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும். கூசு என்றால் கன்னடத்தில் குழந்தை. கார் போய்விட்டது. அடுத்த ஞாயிறு முதல் செல்விக்கென்று அது தனியாக எடுத்து வைக்கப்பட்டது.

என் வீட்டுக்காரர் வெகுகாலம் அவரை ராட்சசி என்றுதான் சொன்னார். ஆனால் களியை மட்டும் விழுங்கினார். செல்வியின் கன்னத்தில் நிறம் ஏறியபிறகு ராட்சசி என்பதும் நின்றது. இப்போது அவள் பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் ஆடுகிறாள். பிடித்தாளென்றால் எவளும் தப்ப முடியாது.

அக்காவின் பாடையை என் வீட்டுக்காரரும் தூக்கினார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். புதிதாகக் கிண்டிய களியில் முதல் உருண்டையை அவர் தட்டில் வைத்தேன். அவர் அதை அப்படியே எடுத்துச் செல்வியின் தட்டில் போட்டார். அன்று உடைந்து கோணலாகக் கூடிய சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அக்காவின் போட்டோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அந்த விரல் போதும்.