மூன்றாவது மென்பொருள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தப் பாட்டு சிடியையும் இரண்டு மென்பொருள்களில் நகலெடுத்து ஒப்பிடுவேன். ஒத்துப்போகாத நகல்களை உடனே அழித்துவிட்டு, மறுபடி எடுப்பேன்.

மயிலாப்பூரில் எங்கள் கீழ்வீட்டு வைதேகி மாமி ஒரு நாள் காலையில் சிடி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"மாமா ஆத்துல பாடிண்டிருந்தப்போ எடுத்ததுப்பா. அவர் குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு."

நடுத்துளையின் ஓரத்தில் முடியளவு விரிசல் தெரிந்தது. பார்த்தும், சொல்லாமல் டிரைவில் போட்டேன்.

முதல் மென்பொருள் நான்கே நிமிடத்தில் முடித்தது. இரண்டாவது, ஒவ்வொரு துணுக்கையும் திரும்பத் திரும்பப் படித்தது. ஒரே ஓர் இடத்தில் இரண்டும் வேறுபட்டன. கேட்டுப் பார்த்தால் சின்னதாக ஒரு 'டிக்'. அவ்வளவுதான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டையும் அழித்துவிட்டு மூன்றாவது மென்பொருளை ஓடவிட்டேன்.

டிரைவின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. மேஜை அதிர்ந்தது. நிறுத்தியிருக்கலாம், திரையில் எண்பது சதவீதம் என்று காட்டியதால் நிறுத்தவில்லை.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு எதுவுமே கேட்கவில்லை. டிரைவின் தட்டை இழுத்தேன். வெள்ளிச் சில்லுகள் கொட்டின.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இதை மட்டும் கேட்டார்:

"அந்த 'டிக்'குனு கேட்டுதுன்னியே, அதையாவது வெச்சிருக்கியோ?"

இப்போதெல்லாம் நான் எதையும் அழிப்பதில்லை. மாடிப்படி இறங்கும்போது மட்டும், மாமி வீட்டு வாசலை வேகமாகக் கடந்துவிடுகிறேன். உள்ளே எப்போதும் ஒரே நிசப்தம்.