கந்தை என்றவள்

மழை விட்ட வெயிலில் பழைய போர்வையை உதறினேன். பாச்சை உருண்டை வாசனையோடு, சிறுவயதில் நாங்கள் இருந்த வண்டூர் வீடும் வந்து நின்றது.

மதியச் சமையல் முடிந்ததும் அம்மா பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பாள். வெள்ளைத் தையல் அலையலையாய் ஓடும். ஊசியில் நூல் கோப்பது என் வேலை. ஒருநாள் பக்கத்து வீட்டு வங்காளி தீதி எட்டிப் பார்த்து, "பஹுத் அச்சா காந்தா!" என்றாள்.

"நல்ல கந்தையாம்! திமிரப் பாரு" என்ற அம்மா, ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

பிறகு தீதியே தன் போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள். அதிலும் பழஞ்சேலைகள், அதே தையல். "யே பீ காந்தா," இதுவும் காந்தாதான் என்றாள். அவர்கள் ஊரில் பழஞ்சேலைப் போர்வைக்குப் பெயரே அதுதான். அம்மா சிரித்த சிரிப்பில் ஊசி தொலைந்துபோனது. தீதி கொடுத்த சிவப்புக்கரைச் சேலைதான் இந்தப் போர்வையின் மேலடுக்கு.

"அந்தக் கந்தையத் தூக்கிப் போடேன்" என்றார் என் கணவர்.

"கந்தை இல்லீங்க. நல்ல காந்தா."